கைக்குழந்தையோடு கடல் கடக்கும் முன்: குமரி மாவட்டத் தாய்மாருக்கு

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் பதினெட்டு வீடு. அதில் பதினோரு வீட்டில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். ஆண்கள் போகும்போது பெட்டி கட்டித் தர எங்கள் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாமே கிளம்புகிறோம் என்று வரும்போதுதான் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறோம். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பர். மூத்தவளுக்கு ஐந்து வயதும் இளையவனுக்கு ஒன்றரை வயதும் இருக்கும்போது நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து மாதம் அங்கே இருந்தேன். திரும்பி வந்த பிறகு தெருவில் யார் கிளம்பினாலும் ஒரு நோட்டோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பார்த்தது ஷார்ஜாவும் துபாயும்தான். மஸ்கட்டோ தோகாவோ சிங்கப்பூரோ போகிறவர்களுக்கும் வேலைகளின் வரிசை ஏறக்குறைய இதுதான்.

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். அவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். காரணம் பெயரில் இருக்கிறது.

முதல் வேலை: பெயரைப் பாருங்கள்

நமக்கு இனிஷியல் போதும். பள்ளி, ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் நா. யாழினி என்று இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது. அதை விரித்து எழுத வேண்டும். விண்ணப்பத்தில் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். நம்மில் பலர் பிள்ளையின் பெயரை முதல் கட்டத்தில் போட்டுவிட்டு இரண்டாவதைக் காலியாக விட்டுவிடுகிறோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள்தான் அதிகம் திண்டாடினார்கள். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் கவுன்டரில் நின்று அதை விளக்கிக்கொண்டிருக்கும் நிலை பிள்ளைக்கு எதற்கு? இரண்டாவது கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுவிடுங்கள். விமான டிக்கெட், பள்ளிச் சேர்க்கை, அங்கே எடுக்கும் அடையாள அட்டை எல்லாம் அதன் பிறகு சிக்கலில்லாமல் ஓடும்.

அடுத்தது எழுத்து. யாழினியின் 'ழ'வுக்கு ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். அப்பா கிறிஸ்துதாஸ் என்றால் பள்ளிச் சான்றிதழில் சி எச்சில் தொடங்கும், ஆதாரில் கே-யில் தொடங்கும். நாம் வாசிக்கும்போது இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா பெயர்கள் அவர்களின் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. மூத்தவளின் சான்றிதழில் என் வீட்டுக்காரரின் பெயரில் ஒரு 'எச்' விடுபட்டிருந்தது. பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் யாரோ எழுதிக்கொடுத்ததை அப்படியே பதிந்திருக்கிறார்கள். ஐந்து வருடம் அது பீரோவில் இருந்தது, ஒருநாளும் எடுத்து வாசித்ததில்லை. பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட்டுக்கு நான்கு நாள் முன்புதான் கண்ணில் பட்டது. திருத்தி வாங்க ஏழு வாரம் ஆனது. எடுத்த டிக்கெட்டை மாற்றினோம், பணமும் போனது. பத்தொன்பது முறை வாசித்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதில்லை, ஒரே ஒரு முறை வாசித்திருந்தாலே போதும்.

கைக்குழந்தை என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா? பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்திருப்பார்கள், அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வயது வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் பாஸ்போர்ட்டுக்கு ஏற்கிறார்கள்.

பிள்ளையின் பாஸ்போர்ட்

நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. நாங்கள் திருநெல்வேலி சேவா மையத்துக்குப் போனோம். பச்சைப் பிள்ளையாக இருந்தாலும் நேரில் கொண்டு போக வேண்டும். 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நாமே கொண்டு போக வேண்டும், அளவு 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர். கண் திறந்திருக்க வேண்டும், தாங்கிப் பிடிக்கும் நம் கை தெரியக் கூடாது. ஸ்டுடியோவுக்குப் பிள்ளை தூங்கி எழுந்து பால் குடித்த நேரமாகப் பார்த்துப் போங்கள். நாங்கள் மத்தியான வெயிலில் போய், இளையவன் அழுத அழுகையில் கடைக்காரரே சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

சாதாரணக் கட்டணம் 1000 ரூபாய். 8 வயதுக்குக் கீழ் என்றால் பத்து சதவீதம் குறைத்து 900. அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி என்ற உறுதிமொழி வேண்டும். இதற்காகவே சொல்கிறேன், வீட்டுக்காரர் விடுமுறைக்கு ஊரில் இருக்கும்போதே விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். அவர் அங்கே இருந்தால் இந்தியத் தூதரகம் வழியாக உறுதிமொழிப் பத்திரம், சான்றொப்பம் என்று வேலை நீளும்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான். முன்பே எடுத்து வைத்திருந்தால் தேதியைப் பாருங்கள். போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு ஒன்றரை வருடமாவது இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

பிள்ளைக்கு 5 வயது முடிந்திருந்தால் ஆதாரில் கைரேகையும் கண்ணும் பதியும் வேலையையும் போகும் முன் முடித்துவிடுங்கள். அங்கே இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது.

கல்யாணச் சான்றிதழும் முத்திரைகளும்

குடும்ப விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். கோயில் ரசீதும் சபையில் தந்த சான்றிதழும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரும் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய சான்றிதழ் கையில் இருந்தால்தான் அடுத்த முத்திரைகள் எளிதாக விழும்.

முத்திரை என்று நான் சொல்வது, சான்றிதழ் உண்மையானதுதான் என்று அடுத்தடுத்த அலுவலகங்கள் குத்தித் தரும் சான்றொப்பத்தை. முதலில் மாநில அரசு, பிறகு நம் நாட்டு வெளியுறவு அமைச்சகம், பிறகு போகிற நாட்டின் தூதரகம், கடைசியில் அங்கே போய் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம். அமீரகம், கத்தார், குவைத் போகிறவர்களுக்கு இந்த முழுச் சுற்றும் உண்டு. சவுதி, ஓமன், பஹ்ரைன் ஆகியவை அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பவை, அதாவது சான்றிதழ் தந்த நாடு குத்தும் ஒரே முத்திரையை ஏற்றுக்கொள்பவை. அங்கே போகிறவர்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையோடு இந்தியாவில் வேலை முடிகிறது, தூதரகம் வேண்டாம். இது தெரியாமல் இரண்டுக்கும் ஏஜெண்டிடம் பணம் கொடுத்தவர்கள் உண்டு. எந்த நாட்டுக்கு எந்த முத்திரை என்று முதலில் கேட்டுக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். அசல் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறீர்களா? அதன் மேல் முத்திரை குத்த முடியாது. புதிதாக இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும். இனிமேல் எதையும் லேமினேட் செய்யாதீர்கள்.

அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க வீட்டுக்காரரின் சம்பளம் 4000 திர்ஹாமோ, 3000 திர்ஹாமும் தங்க இடமுமோ இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். நான்கு பேர் சேர்ந்து தங்கும் அறையை வைத்துக்கொண்டு விசாவுக்குப் போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி, மருந்து

தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் தவறாமல் போட்டிருக்கலாம். அதிலும் ஓர் இடைவெளி உண்டு. அரசு அட்டவணையில் இருப்பது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்.ஆர். ஊசி. அங்கே பள்ளிகள் கேட்பது எம்.எம்.ஆர்., அதாவது பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து. சின்னம்மை ஊசியும் கேட்பார்கள். இரண்டும் தனியார் மருத்துவமனைகளில்தான் போட வேண்டியிருக்கும். இவை உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசிகள் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் போடலாம், இல்லையென்றால் நடுவில் நான்கு வாரம் விட வேண்டும். அதனால்தான் மூன்று மாதம் என்றேன். ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்தச் சான்றிதழ் செல்லும்.

அட்டையில் நர்ஸ் எழுதியது நமக்கே சில இடத்தில் புரியாது. மருத்துவரிடம் சொல்லி, தேதிவாரியாக ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு எதாவது ஒவ்வாமை இருந்தால், வீசிங் வருமென்றால், அதையும் அதே தாளில்.

மருந்துப் பையில் நான் எடுத்துப் போனவை: பாராசிட்டமால் சிரப், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து, ஜிங்க், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, தெர்மாமீட்டர், கடி புண்ணுக்கு ஒரு களிம்பு. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வகை உண்டு. அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. பிள்ளையின் எடையைச் சொல்லி, இந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்தத் தாளைப் பாட்டிலிலேயே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். மருந்துச் சீட்டு இல்லாமல் எந்த மருந்தும் எடுக்காதீர்கள். இருமல் மருந்தை இங்கேயே விட்டுவிடுங்கள். சளி, இருமலுக்கான சில கூட்டு மருந்துகளை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023-இல் சொல்லிவிட்டது. கோடீன் என்ற போதை தரும் பொருள் உள்ள இருமல் மருந்தைக் கொண்டு போனால் வளைகுடா விமான நிலையங்களில் பெரிய வம்பு. லேபிள் இல்லாத லேகியம், சூரணம், பாட்டி இடித்துத் தந்த பொடி எதுவும் மருந்துப் பையில் வேண்டாம்.

பள்ளிக்கூடம்

தலைமை ஆசிரியரை நேரில் பார்த்துப் பேசுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடுவோம் என்றால் விடுப்புக் கடிதம், அந்தப் பருவத்துப் பாடப் புத்தகங்கள். ஒரு வருடம் என்றால் மாற்றுச் சான்றிதழ். அதற்கும் சான்றொப்பம் கேட்கும் பள்ளிகள் உண்டு. அங்கே உள்ள இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலில் வகுப்பு தொடங்குகிறது. நம்மூரில் ஜூன் என்று நினைத்துக்கொண்டு மே கடைசியில் போய் இறங்கினால் இடம் கிடைக்காது.

டிக்கெட் எடுக்கும்போது

2 வயது முடியாத பிள்ளைக்குத் தனி இருக்கை இல்லை, மடியில்தான், கட்டணமும் குறைவு. போகும்போது ஒன்றரை வயதாக இருந்த என் மகனுக்குத் திரும்பி வரும்போது 2 வயது 4 மாதம். திரும்பும் டிக்கெட்டில் அவனுக்கு முழு இருக்கை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பயண ஏஜெண்ட்தான் கேட்டார். நடுவில் பிறந்தநாள் வருகிறதா என்று பாருங்கள். சின்னக் குழந்தைக்கு விமானத்தின் முன்சுவரில் மாட்டும் தொட்டில் உண்டு. எல்லா விமானத்திலும் கிடையாது, எடை வரம்பும் இருக்கிறது. எடுக்கும்போதே கேளுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜா ஏறக்குறைய நான்கு மணி நேரம். நேரடி விமானத்துக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். கைக்குழந்தையோடு நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏழு மணி நேரம் காத்திருப்பதற்கு அந்த ஐயாயிரம் ரூபாய் ஈடாகாது.

நம் மாவட்டத்துக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வருடத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் திருவனந்தபுரம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று சாயங்காலம் சில மணி நேரம் ஓடுபாதையை மூடிவிடுவார்கள், விமான நேரங்கள் மாறும். அந்த நாளைத் தவிர்த்து எடுங்கள்.

பிள்ளையைத் தயார் செய்வது

இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு வரும் கேள்விகள் எல்லாம் விசாவும் லக்கேஜும்தான். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதில்தான்.

இளையவன் பிறந்து இருபது நாளில் அவன் அப்பா திரும்பிப் போய்விட்டார். அவனுக்கு அப்பா என்றால் போன். தினமும் ராத்திரி போனை எடுத்து உம்மா கொடுப்பான், போனுக்குச் சோறு ஊட்டுவான். ஷார்ஜாவில் வெளியே வந்ததும் அவர் ஓடி வந்து தூக்கினார். இவன் அலறிவிட்டான். என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, என் கைப்பையைக் காட்டி, "அப்பா, அப்பா" என்கிறான். போன் அந்தப் பைக்குள் இருந்தது. அவர் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது. அன்றைக்குக் கார் நிறுத்துமிடத்தில் நின்று அவர் தன் போனிலிருந்து எனக்கு வீடியோ கால் போட்டார். இவன் திரையையும் பார்த்தான், எதிரே நிற்பவரையும் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். நாலாம் நாள்தான் அவர் மடிக்குப் போனான்.

இதைக் கொஞ்சம் முன்பே சரி செய்திருக்கலாம். இப்போது கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது: முழு உடம்பும் தெரிகிற போட்டோ ஒன்றைப் பெரிதாக அச்சடித்துப் பிள்ளையின் கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். அப்பா எவ்வளவு உயரம், எப்படி நடப்பார் என்று தெரிய, அவர் நடந்துகொண்டே பேசும் வீடியோக்களைக் கேட்டு வாங்குங்கள். அவர் போட்டுப் பழகிய சட்டை ஒன்று வீட்டில் இருந்தால் பிள்ளை தூங்கும் இடத்தில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் நாளே தூக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள், அதுவாக வரட்டும் என்று அவரிடமும் சொல்லி வையுங்கள். ஒன்றரை வருடமாகக் காத்திருந்த மனுஷனுக்கு அது கஷ்டம்தான். முன்பே தெரிந்திருந்தால் மனசு அவ்வளவு நோகாது.

நாலைந்து வயதுப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். மூத்தவளிடம் நான் முதலில் சொன்னது, "அப்பாவைப் பாத்துட்டு வந்துரலாம்" என்பது. அவள் ரெண்டு நாள் என்று எடுத்துக்கொண்டாள். போன மூன்றாம் நாள் காலையில் தன் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், பாட்டி வீட்டுக்குப் போகலாம் என்று. எவ்வளவு நாள் என்பதைப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கில் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போது வருவோம், பலாப்பழம் பழுக்கும்போது வருவோம், இப்படி. பாட்டி கூட வரவில்லை என்பதையும் பாட்டி வாயாலேயே சொல்ல வையுங்கள். கண்ணைப் பொத்தி ஏமாற்றிக் கூட்டிப் போவது அந்த நேரத்துக்கு எளிது. அப்புறம் பிள்ளை நம்மை நம்பாது.

சின்னச் சின்னப் பழக்கங்களையும் ஒரு மாதம் முன்பே தொடங்கலாம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காருவது. நாகர்கோவிலில் ஏதாவது ஜவுளிக்கடைக்குப் போகும்போது லிஃப்டில் ஏறி இறங்குவது. கதவு சாத்திய அறையில் நம்மோடு மட்டும் தூங்குவது, ஏனென்றால் பாட்டி, தாத்தா, அத்தை என்று ஐந்து பேர் நடுவில் தூங்கிய பிள்ளை அங்கே ராத்திரி எழுந்து ஆளைத் தேடும். மூத்தவளுக்கு அப்பாவின் போன் நம்பரைப் பாட்டு போல மெட்டுப் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அந்த நாட்டுக் குறியீட்டெண்ணோடு இப்போதும் சொல்லுவாள்.

பெட்டியில் எது, எது வேண்டாம்

ஒரு பெட்டி நிறைய அரிசியும் மாவும் கட்ட வேண்டும் என்று என் மாமியார் ஆசைப்பட்டார். ஷார்ஜாவில் மலையாளிக் கடைகளில் சம்பா அரிசி கிடைக்கும், மரச்சீனி கிடைக்கும், சாளை மீன் கிடைக்கும், ஏத்தம்பழம் குலையாகத் தொங்கும். முதல் ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு போதும். கைக்குழந்தைக்கு ஏத்தங்காய்ப் பொடி கொடுத்துப் பழக்கியிருந்தால் அதை மட்டும் ஒரு மாதத்துக்கு எடுங்கள். புது ஊரில் புதுத் தண்ணீரோடு புது உணவும் சேர வேண்டாம். வீட்டில் திரித்த பொடியைக் காற்றுப் போகாமல் ஒட்டி, மேலே ஆங்கிலத்தில் என்ன பொடி என்று எழுதி ஒட்டுங்கள்.

கசகசாவைத் தொடாதீர்கள். அமீரகம், சவுதி, கத்தார், சிங்கப்பூர் எல்லா இடத்திலும் அதற்குத் தடை உண்டு. அபின் எடுக்கும் செடியின் விதைதான் அது. இங்கே குருமாவுக்கு அரைக்கிறோம், அங்கே போதைப்பொருள் வழக்கு. தனியாக எடுக்க மாட்டோம் என்று எல்லாரும் சொல்வார்கள். வீட்டில் திரித்த கறி மசாலாப் பொடியில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். என் மாமியார் மசாலாவில் இருந்தது. டப்பாவை நான் வெளியே எடுத்து வைத்தபோது அவருக்கு வருத்தம். விஷயத்தைச் சொன்னதும், "மக்களே, அத மொதல்ல எடுத்துக் கொட்டு" என்று அவரே குப்பையில் தட்டிவிட்டார். வெற்றிலை பாக்கும் வேண்டாம்.

கொப்பரைத் தேங்காயும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று ஆபத்தான பொருள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தென்னைக்கு நடுவில் வாழும் நமக்கு இது நினைவில் வராது. ஊறுகாய், தேன், தேங்காய் எண்ணெய் எல்லாம் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. பிள்ளைக்கான பால், கஞ்சி, காய்ச்சிய தண்ணீர் ஆகியவற்றைப் பயணத்துக்குத் தேவையான அளவு கைப்பையில் விடுவார்கள். பரிசோதிக்கக் கேட்டால் கொடுங்கள்.

கைப்பையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மாற்று உடை. நமக்கும் ஒன்று. வாந்தி நம் மேல்தான் எடுக்கும்.

பாஸ்போர்ட், விசா, சான்றிதழ்கள், தடுப்பூசித் தாள் எல்லாவற்றுக்கும் மூன்று நகல். ஒன்று நம் பையில், ஒன்று பெட்டியில், ஒன்று பாட்டி வீட்டு பீரோவில். பிள்ளைகளோடு தாய் தனியாகப் போனால், எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அப்பா எழுதிய கடிதமும் அவர் பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும். என்னிடம் கேட்கவில்லை. கேட்கும் நாடுகள் உண்டு.

கிளம்பும் நாள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று வழி முழுக்கக் கடைத்தெரு. பகலில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் மூன்று. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. டிரைவரிடம் சாக்கை பக்கத்து முனையம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சர்வதேச விமானங்கள் அங்கேதான். சங்குமுகம் பக்கம் இறக்கிவிட்டால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் வர வேண்டும். மூன்று மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும்.

வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து அழுதால் பிள்ளைக்கு ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றிவிடும். விடைபெறுவதை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைக்குக் காது அடைக்கும். பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு மிட்டாய் சப்பக் கொடுங்கள். இறங்கத் தொடங்குவது தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிடும். தூங்குகிற பிள்ளையை அப்போதே எழுப்பிவிடுவது நல்லது.

அங்கே முதல் வாரம்

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை பால்கனிக் கதவைப் பார்த்தது. நாம் முற்றத்தில் பிள்ளைகளை விட்டு வளர்த்தவர்கள். திண்ணையிலிருந்து விழுந்தால் முட்டி சிராயும், அவ்வளவுதான். அங்கே எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், கம்பியை ஒட்டி ஒரு பழைய டிவி பெட்டியும் கிடந்தன. அவர் தனியாக இருந்தபோது துணி காயப்போடும் இடம் அது, அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் பார்த்தபோது ஒன்றரை வயதுக்காரன் ஏறுவதற்கு ஏணி வைத்தது போல இருந்தது. நாற்காலி, பெட்டி, சோபா, கட்டில் எதுவும் ஜன்னலுக்கோ பால்கனிக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது. நாங்கள் போவதற்கு முன்பே அவரிடம் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லியிருந்தால், ஜன்னல் பூட்டுகளை முன்பே வாங்கிப் போட்டிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யுங்கள். பூட்டு விலை அதிகமில்லை.

அடுத்தது கார். பைக்கில் முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை என்று இங்கே போகிறோம். அமீரகத்தில் 2017 முதல் 4 வயது வரை பிள்ளைக்குத் தனிக் குழந்தை இருக்கை கட்டாயம். 10 வயது ஆகாத பிள்ளையையும் 145 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளையையும் முன் இருக்கையில் உட்கார வைக்கக் கூடாது. விமான நிலையத்துக்கு அழைக்க வரும் நண்பரின் காரிலேயே அந்த இருக்கை வேண்டும். கோடையில் நிறுத்திய காருக்குள் ஒரு நிமிஷம்கூடப் பிள்ளையை விட்டு இறங்காதீர்கள்.

அமீரகத்தில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998, தீயணைப்புக்கு 997. ஒரு தாளில் பெரிதாக எழுதி, கட்டிடத்தின் பெயரும் மாடி எண்ணும் சேர்த்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது. காப்பீட்டு அட்டை வந்ததும், எந்தக் கிளினிக்கில் அது செல்லும் என்று கேட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் முன்பே ஒருமுறை போய் இடத்தைப் பார்த்து வாருங்கள். குடும்ப விசாவில் இருப்பவர்கள் ஊருக்கு வந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் விசா போய்விடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி முதல் வாரம் எங்கேயும் சுற்ற வேண்டாம். துபாயின் புர்ஜ் கலீஃபா கோபுரம் ஓடிப்போகாது. பிள்ளைகள் எழுவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் ஊரில் இருந்த வரிசையிலேயே நடக்கட்டும். நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான். ஊரில் ராத்திரி ஏழு மணிக்கு விளக்கு வைத்துவிட்டுப் பாட்டி போன் எடுப்பார், அங்கே மாலை ஐந்தரை. தினமும் அதே நேரம், ஒருநாளும் தவறாமல். முதல் வாரம் மூத்தவள் ஐந்து மணிக்கே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். இரண்டாம் மாதத்தில் கீழே விளையாடிக்கொண்டிருப்பவளை நான் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.